நின்ற ரோலரில் முறிந்த போல்ட்டுகள்: உலைக்கும் முலாம் தொட்டிக்கும் இடையே நடந்தது

இலங்கையின் தலவாக்கலைக்கு மேலே உள்ள ஓர் உயர்நிலத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து கூடி வரும் மாதமொன்றில், ஒரு ரோலரின் கிராங்க் தூண்களை அடிச்சட்டத்தோடு பிணைக்கும் எம்20 (20 மில்லிமீற்றர் விட்டம்) போல்ட்டுகள் அடுத்தடுத்து முறிந்தன. அவை பொருத்திச் சில நாட்களே ஆன புதிய போல்ட்டுகள். மஞ்சள் மினுக்கத்தோடு நாகமுலாம் (துத்தநாகப் பூச்சு) பூசப்பட்டு, முன்பு இருந்தவற்றைவிட வலுவான உருக்கில் செய்யப்பட்டவை. முதலாவது இரவு வேலையின்போது போனது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூடுதலாக முறுக்கியிருப்பார்கள் என்று வேறொன்றைப் போட்டார்கள். போயா (முழுமதி நாள்) விடுமுறை முடிந்து காலையில் கதவைத் திறந்தபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. இரண்டு போல்ட் தலைகள் ரோலரின் அடியில், கழுவி விட்ட சிமெந்துத் தரையில் கிடந்தன. முதல் நாள் முழுவதும் மெஷின் ஓடவே இல்லை.

ரோலரைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடவைத்த கொழுந்தைச் சில நூறு கிலோ தாங்கும் பெரிய உருளைச் சட்டி, மூன்று கிராங்குகளின் மீது நின்று மேசைக்கு மேலே வட்டமாகச் சுழல்கிறது. நிமிடத்துக்கு 40 முதல் 45 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கனம் முழுவதும் தூண்களைப் பக்கவாட்டில் இழுக்கும், தள்ளும். 45 சுற்று என்று வைத்துக்கொண்டால் இருபது மணி நேரத்தில் 54,000 தடவை. ஒரு தூணின் பிடி தளர்ந்தால் மற்ற இரண்டும் அதன் பாரத்தைச் சுமக்கின்றன. கழன்ற தலை கொழுந்துக்குள் விழுந்தால் அந்த அரைப்பு முழுவதும் வீண். ரோலருக்குக் கீழே கையை விட்டுக் கொழுந்து வழிப்பவரும், ஸ்பேனரோடு குனிபவரும் நம் ஆட்கள். ஆகவே இதை “போல்ட் பிரச்சினை” என்று ஒதுக்க நான் சம்மதிக்கவில்லை.

முறிவு முகம்

தொழிற்சாலையின் மூத்த ஃபிட்டர் முறிந்த துண்டுகளைத் துடைத்துச் சீலையில் சுற்றி வைத்திருந்தார். பல இடங்களில் இப்படிப்பட்ட துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் பொறியியலாளரைக் கூப்பிடுவார்கள். அவர் சொன்ன முதல் வாக்கியமே பாதி விசாரணையை முடித்துவிட்டது:

“தம்பி, இது ஓடும்போது உடைந்தது இல்லை. சும்மா நிற்கும்போது உடைந்தது. அதை முதலில் யோசியுங்கள்.”

போல்ட் முறிய மூன்று வழக்கமான காரணங்கள் உண்டு. அளவுக்கு மீறி முறுக்கினால் அது முறுக்கும்போதே போகும். முறிவதற்கு முன் கழுத்து ஒடுங்கி நீளும். உலோகக் களைப்பால், அதாவது திரும்பத் திரும்ப வரும் பாரத்தால், முறிந்தால் முறிவு முகத்தில் ஒரு மூலையிலிருந்து விரியும் வளைவு வளைவான கோடுகள் தெரியும்; அதற்கு மெஷின் ஓட வேண்டும், ஆயிரக்கணக்கில் சுற்றவும் வேண்டும். மூன்றாவது, துரு தின்று மெலிவது. அதற்கு மாதங்கள் செல்லும்.

இந்தத் துண்டுகளில் கழுத்து ஒடுங்கவே இல்லை. இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்தால் கோடு தெரியாமல் பொருந்தின. முறிவு சில போல்ட்டுகளில் தலையும் தண்டும் சேரும் வளைவில், சிலவற்றில் நட்டுக்குள் நுழையும் முதல் மரையில். இழுவிசை மிகுதியாகக் குவியும் இடங்கள் இவை இரண்டும்தான். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ், விளிம்பை ஒட்டிய பகுதி கற்கண்டு உடைந்த பக்கம்போல் மணி மணியாக மின்னியது. உருக்கை ஆக்கும் நுண்ணிய படிகங்களான மணிகள் ஊடாக உடையாமல், மணிக்கும் மணிக்கும் இடையிலான எல்லை வழியே பிரிந்திருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். நடுப்பகுதி மட்டும் மங்கிய சாம்பல் நிறம். மீதமிருந்த குறுக்குவெட்டு பாரம் தாங்காமல் கடைசியில் ஒரேயடியாகப் போன இடம் அது.

பொருத்தும்போது தாங்கிக்கொண்டு, மணிக்கணக்கோ நாட்கணக்கோ கழித்து, பாரம் கூடாமலேயே, நொறுங்கும் விதமாக முறிவது. வலுவான உருக்கில், மின்முலாம் பூசிய பிறகு. இந்த நான்கும் சேர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஐதரசனை.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமிலத்தில் தோய்த்த இரும்புக் கம்பி எளிதில் ஒடிவதையும், ஒடிந்த முகத்தை ஈரமாக்கினால் குமிழ்கள் வருவதையும், சில காலம் சும்மா வைத்தால் கம்பி மறுபடி தேறுவதையும் வில்லியம் ஜோன்சன் 1875ஆம் ஆண்டிலேயே லண்டன் றோயல் சொசைட்டிக்கு எழுதிவிட்டார்.

போல்ட் வந்த வழி

அந்த ரோலர் பழைய பிரித்தானிய வார்ப்பு. தூணின் காலடி தடிப்பு மிக்கது. அதற்கு வேண்டிய நீளத்தில் கடைப் போல்ட் கிடைப்பதில்லை. அதனால் தோட்டங்களில் வழக்கமாக நடப்பதுபோல், பக்கத்து நகரத்து லேத் பட்டறை ஒன்றில் கம்பி வாங்கிக் கடைந்திருக்கிறார்கள். கம்பி ஈஎன் 19 உருக்கு: சுமார் 0.4 சதவீதம் காபன், 1 சதவீதம் அளவில் குரோமியம், கொஞ்சம் மொலிப்டினம். நல்ல தெரிவு. போல்ட்டின் வலுவைக் குறிக்கும் தர எண்கள் 8.8, 10.9, 12.9 என ஏறும்; சரியாகப் பதனிட்டால் இந்தக் கம்பியில் 10.9 தரப் போல்ட் தாராளமாக வரும்.

பதனிடுவது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த உருக்கை 850 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, உள்ளே வரை ஒரே சூடானதும் எண்ணெயில் துவைக்க வேண்டும். அப்போது அது மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான அமைப்புக்கு மாறுகிறது. அந்த நிலையில் அது கண்ணாடிக் குணம் கொண்டது, அடித்தால் தெறிக்கும். ஆகவே மறுபடி சூடாக்கிப் பதத்தைத் தணிக்க வேண்டும். எவ்வளவு மறுசூடு கொடுக்கிறோமோ அவ்வளவு கடினம் குறையும், இழுபடும் குணம் கூடும். போல்ட்டின் முழுச் சுபாவமும் இந்த இரண்டாம் சூட்டில்தான் முடிவாகிறது. 8.8, 10.9 தரங்களுக்கு அந்த மறுசூடு 425 பாகைக்குக் கீழே போகக் கூடாது என்பது சர்வதேச நியமம். ஈஎன் 19க்கு 580 பாகை கொடுத்தால் வன்மையைக் காட்டும் ரொக்வெல் சி அளவில் 35ஐ ஒட்டி வரும், அது 10.9க்குரிய 32 முதல் 39 வரையான வரம்புக்குள் அடங்குகிறது.

பட்டறை உரிமையாளர் எதையும் மறைக்கவில்லை. உலையில் செக்கச்சிவக்கச் சூடாக்கி, எண்ணெயில் துவைத்து, பிறகு “நீலம் ஓடும் வரை” மறுசூடு காட்டியதாகச் சொன்னார். நீலம் ஓடுவது 300 பாகைப் பக்கம். உளிக்கும் சுருளுக்கும் தலைமுறை தலைமுறையாக ஒத்துவந்த பதம் அது. இந்த மலைகளின் தெற்குச் சரிவில், சமனலவெவ பகுதியில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக்கி 7ஆம் முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இரும்புருக்கிய மேற்கு நோக்கிய உலைகளைக் கில் ஜூலெஃப் 1996இல் ‘நேச்சர்’ இதழில் விவரித்தார். உயர்காபன் உருக்கும் அந்த உலைகளில் வந்தது. நெருப்பைக் கண்ணால் அளக்கும் கலைக்கு இங்கே வயது அதிகம், அந்த மனிதரின் கண்ணிலும் பிழை இல்லை. ஆனால் இறுக்கி வைத்த நிலையிலேயே ஆயுள் முழுவதும் இழுபட்டு நிற்கும் போல்ட்டுக்கு உளியின் பதம் ஆகாது. போதாக்குறைக்கு, 250க்கும் 400க்கும் இடைப்பட்ட மறுசூடு இவ்வகை உருக்கைத் தனியாகவே நொறுங்கும் பக்கம் தள்ளக்கூடியது.

கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் துண்டுகளின் வன்மையை அளந்தபோது ரொக்வெல் சி 50ஐ ஒட்டி வந்தது. 12.9 தரத்துக்கே மேல்வரம்பு 44. அதாவது 12.9ஐயும் தாண்டிய போல்ட் ஒன்றைப் பட்டறை தன்னையறியாமல் செய்திருந்தது. பொருத்திய நாளில் எல்லோருக்கும் அது பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுதான்: எவ்வளவு முறுக்கினாலும் மரை அசையவில்லை.

அங்கிருந்து போல்ட்டுகள் முலாம் பூசுமிடத்துக்குப் போயின. மோட்டார் சைக்கிள் பாகங்களும் கதவுக் கீல்களும் பூசும் சிறிய இடம். கட்டளைத் துண்டில் இருந்தது “நாகமுலாம், மஞ்சள்” என்ற இரண்டு சொற்கள் மட்டும். உருக்கின் தரமோ வன்மையோ அதில் இல்லை. பூசுகிறவருக்கு அது வெறும் இரும்பு.

ஆனால் இந்த வழக்கின் முடிச்சு ஒன்று அங்கேதான் இருக்கிறது. திறந்த உலையில் சூடான உருக்கின் மீது கறுப்புச் செதில் படியும். அந்தச் செதில் போகாமல் முலாம் ஒட்டாது. பூசுகிறவர் அதை எடுக்க ஐதரோக்குளோரிக் அமிலத் தொட்டியில் வழக்கத்தைவிட நீண்ட நேரம் போல்ட்டுகளை விட்டிருக்கிறார். அமிலம் இரும்பைத் தின்னும்போது ஐதரசன் பிறக்கிறது. பெரும்பகுதி குமிழாக மேலே போய்விடும், ஒரு பகுதி தனி அணுக்களாக உருக்குக்குள்ளேயே நுழையும். அடுத்து மின்முலாம் தொட்டி: அங்கே போல்ட்டே எதிர்மின்வாய், நாகம் படியும் அதே பரப்பில் இன்னும் கொஞ்சம் ஐதரசன். கடைசியில், படிந்த நாகப் படலம் உள்ளே போன ஐதரசன் வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறது.

போல்ட்டை இறுக்கியதும் உள்ளே இருக்கும் அந்த அணுக்கள் இழுவிசை குவிந்த இடம் தேடி மெல்ல நகர்கின்றன: முதல் மரை, தலையின் கழுத்து. அங்கே மணி எல்லைகளின் பிணைப்பைத் தளர்த்துகின்றன. நகர்வதற்கு நேரம் வேண்டும். அதனால்தான் முறிவு தாமதமாக, மெஷின் நிற்கும்போதும் வருகிறது. மென்மையான உருக்கு விரிசல் முனையில் கொஞ்சம் இழுபட்டுச் சமாளித்துக்கொள்ளும். 50 வன்மையுள்ள உருக்குக்கு அந்த இடமே இல்லை.

முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள், வழக்கமாக நான்கு மணி நேரத்துக்குள், 190 முதல் 220 பாகையில் பல மணி நேரம் சுட்டு வைத்தால் ஐதரசனின் பெரும்பகுதி வெளியேறும் அல்லது உருக்குக்குள் தீங்கில்லாத மூலைகளில் அடங்கும். அப்படிச் சுடும்படி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அங்கே அடுப்பு இல்லை.

சோதனை

சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும், துரைமாரிடம் போய் “ஐதரசன்” என்று சொன்னால் மட்டும் போதாது. கண்முன் முறிந்து காட்ட வேண்டும். இதற்கான சோதனைக்குப் பெரிய கருவிகள் வேண்டாம். தடித்த உருக்குத் தட்டில் துளையிட்டு, தலையின் கீழே சாய்வு வாஷர் வைத்து, முறுக்களவு ஸ்பேனரால் இறுக்கி, குறைந்தது 48 மணி நேரம் தொடாமல் விட வேண்டும். சாய்வு வாஷர் தலையின் கழுத்தில் கூடுதல் இழுவிசையைக் கொடுக்கிறது. எந்தத் தொழிற்சாலையின் பட்டறையிலும் செய்யலாம். தலை தெறிக்கும் என்பதால் மேலே இரும்புப் பெட்டி கவிழ்த்து வைக்க வேண்டும். அதில் சமரசம் இல்லை.

நாங்கள் நான்கு விதமான போல்ட்டுகளை வைத்தோம். முதலாவது, அந்த மஞ்சள் தொகுதியில் மிஞ்சியவை. இரண்டாவது, அதே உலையில் அதே நீலப் பதத்தில் செய்து முலாம் பூசாதவை. மூன்றாவது, நீலப் பதத்தில் செய்து முலாம் பூசி, உடனே எடுத்துச் சென்று 200 பாகையில் இரவு முழுவதும் சுட்டவை. நான்காவது, முலாம் பூசுமுன் வெப்பமானி பொருத்திய மின்சார உலையில் 580 பாகை மறுசூடு கொடுத்து, பிறகு பூசிச் சுட்டவை.

மஞ்சள் தொகுதியில் முதல் போல்ட் மறுநாள் விடியுமுன் போய்விட்டது. பெட்டிக்குள் டொக்கென்று கேட்ட சத்தத்தைக் காவலாளி வந்து சொன்னார். 48 மணி முடிவதற்குள் பெரும்பாலானவை முறிந்தன. முறிவு முகங்களில் அதே கற்கண்டு மினுக்கம். முலாம் பூசாத இரண்டாவது வரிசை அப்படியே நின்றது. உருக்கின் கடினம் மட்டும் குற்றவாளியில்லை என்று அது காட்டியது. நான்காவது வரிசையும் முழுதாக நின்றது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது மூன்றாவது. சுட்ட போல்ட்டுகளில் ஒன்று இரண்டாம் நாள் முறிந்தது. சுட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. இவ்வளவு கடினமான உருக்கில் மிஞ்சிய சிறிதளவு ஐதரசனே போதும். சுடுவது, சரியான பதத்தில் இருக்கும் உருக்குக்கு ஒரு காப்பு மட்டுமே. பிழையான பதத்தை அது திருத்தாது.

இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். ஐதரசன் தொட்டியில் மட்டும் பிறப்பதில்லை. ரோலர் அறையில் காற்று எப்போதும் ஈரம், தரையும் மெஷினும் நாள்தோறும் கழுவப்படுகின்றன, கொழுந்துச் சாறு சற்றே அமிலத்தன்மை உடையது. நாகம் கீறுப்பட்ட இடத்தில் நாகம் கரைந்து உருக்கைக் காக்கிறது. காக்கும் அந்த வேலையின்போதே உருக்கின் பரப்பில் ஐதரசன் பிறக்கிறது. சான்பிரான்சிஸ்கோ – ஓக்லாந்து புதிய பாலத்தில் 2013 மார்ச்சில் இறுக்கிய 96 நங்கூரக் கம்பிகளில் 32 சில நாட்களுக்குள் முறிந்தன. மூன்று அங்குல விட்டமுள்ள, நாகத்தில் தோய்த்த உயர்வலு உருக்கு அவை. 2008இல் வைக்கப்பட்டு, இறுக்கப்படும்வரை குழிகளில் தேங்கிய நீரில் ஆண்டுக்கணக்கில் இருந்தவை. கோடிக்கணக்கான டொலர் பாலத்துக்கு நேர்ந்தது, ஈரமான ரோலர் அறைக்கும் நேரும்.

சோதனைக்கு இடையில் ஒருவர், மீதி மஞ்சள் போல்ட்டுகளை மறுபடி உலையில் போட்டுப் பதம் இறக்கினால் என்ன என்று கேட்டார். செய்யக் கூடாது. நாகம் 419 பாகையைத் தாண்டியதும் உருகும். உருகிய நாகம் இழுவிசையில் இருக்கும் உருக்கின் மணி எல்லைகளுக்குள் புகுந்து வேறு விதமாக விரிசலை உண்டாக்கும். சூடு கூடினால் எழும் நாகப் புகையைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சல் வரும்.

மாற்றியவை

அடிப்படைக் கேள்வி ஒன்றை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை: அந்த இடத்துக்கு இவ்வளவு வலு தேவையா? எம்20 போல்ட்டின் பயன்படு குறுக்குவெட்டு 245 சதுர மில்லிமீற்றர். 8.8 தரத்தின் சோதனைத் தகைப்பு, அதாவது போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் இழுவிசையின் அளவு, 600 மெகாபஸ்கால். ஆகவே ஒரு போல்ட் 147 கிலோநியூட்டன் தாங்கும். அதில் நான்கில் மூன்று பங்கு, அதாவது 110 கிலோநியூட்டன் பிடி, அந்தத் தூணுக்குத் தாராளம். பழைய போல்ட்டுகள் தளர்ந்ததற்குக் காரணம் வலுக் குறைவே இல்லை. தூணின் காலடியில் வைத்திருந்த மெல்லிய தகடுகள் துருவேறி நொறுங்கி, இறுக்கத்தை விழுங்கிக்கொண்டிருந்தன. துருவைப் பார்த்த தணிக்கையாளர்கள் கொழுந்துக்கு மேலே அது இருக்கக் கூடாது என்றார்கள். தளர்வைப் பார்த்த நிர்வாகம் வலுவான போல்ட் வேண்டுமென்றது. இரண்டும் நியாயமான கவலைகள். இரண்டுக்கும் ஒரே மருந்தாக மினுமினுக்கும் வலுவான போல்ட்டைத் தேர்ந்தார்கள்.

தகடுகளை எடுத்துவிட்டு, காலடியை இழைத்து, ஒரே தடித்த தட்டு வைத்தோம். போல்ட்டுகள் மறுபடி ஈஎன் 19தான், அதே பட்டறையில்தான். ஆனால் பதனிடும் வேலையை மட்டும் வெப்பமானியுள்ள உலை வைத்திருக்கும் இடத்துக்கு அனுப்பினோம்: எண்ணெயில் துவைத்து, 8.8க்குரிய வன்மை வரும்வரை 600 பாகைக்கு மேல் மறுசூடு. செதிலை அமிலத்தில் விடாமல் மணல் வீசி எடுத்தார்கள். பூச்சுக்கு, உருகிய நாகத்தில் தோய்த்து, உடனே சுழற்றி மிகுதியை உதறும் முறை. அந்தத் தொட்டி 450 பாகை அளவில் இருக்கும். 600க்கு மேல் பதம் தணிந்த உருக்கை அது அசைக்காது. நீலப் பதத்து உருக்கைத் தோய்த்திருந்தால் அங்கேயே பதம் மாறியிருக்கும். பூச்சு 50 மைக்ரோமீற்றர் அளவுக்குத் தடிக்கும் என்பதால் நட்டின் மரையைச் சற்று அகலமாக வெட்ட வேண்டும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பொருத்தும் நாளில் நட் ஏறாது, யாராவது போல்ட்டின் மரையை அரத்தால் தேய்த்துப் பூச்சை எடுத்துவிடுவார்கள். இறுக்கும்போது மரைக்கும் வாஷருக்கும் மசகு தடவுவது கட்டாயம். மசகில்லாத நாகம் பிடித்துக்கொண்டு, ஸ்பேனர் காட்டும் அளவுக்கும் உண்மையான பிடிக்கும் சம்பந்தமில்லாமல் செய்துவிடும்.

கொழுந்து நேராகத் தொடும் சிறிய போல்ட்டுகளைத் துருப்பிடிக்காத உருக்கான ஏ2-70க்கு மாற்றினோம். உயர்வலு உண்மையிலேயே வேண்டிய ஓரிரு இடங்களில் 10.9, பொஸ்பேற்றுப் பூச்சும் எண்ணெயும்; மின்முலாம் இல்லை. துரு எட்டிப் பார்த்தால் துடைத்து எண்ணெய் பூசலாம்.

கட்டளைத் துண்டு இப்போது ஒரு முழுப் பக்கம். உருக்கின் பெயர், மறுசூட்டின் பாகை, வன்மையின் மேல்வரம்பு, செதில் எடுக்கும் முறை, பூச்சின் வகை. பதனிடுபவரும் பூசுகிறவரும் அதே பக்கத்தின் பிரதியில் கையெழுத்திட்டுத் திருப்பித் தருகிறார்கள். பட்டறை உரிமையாளர் வெப்பமானியொன்றை வாங்கி உலையில் பொருத்திவிட்டார். தன் கண்ணின் கணிப்பு முள்ளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்துக்கொள்கிறார், பெரும்பாலும் ஒத்துத்தான் போகிறது.

மிஞ்சிய மஞ்சள் போல்ட்டுகளை விற்பனைக்கோ இருப்புக்கோ விடாமல் தலையை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டோம். அதே தொகுதியிலிருந்து சில, இரவல் போல்ட்டாகப் பக்கத்துத் தோட்டத்து உலர்த்தியின் மின்விசிறித் தாங்கிக்குப் போயிருந்தது கணக்குப் புத்தகத்தில் தெரிந்தது. ஃபிட்டர் அண்ணன் அன்று மாலையே லொறியில் போய், மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கழற்றிக்கொண்டு வந்தார். அவற்றில் ஒன்றின் கழுத்தில் விரிசல் ஏற்கெனவே பாதி தூரம் ஓடியிருந்தது.